வாத்தியார் எழுதாத ஊமை எழுத்து

நொயெமி கதவைத் தட்டவில்லை. நேராக அடுக்களைக்குள் வந்து, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தபால்காரர் திபோ காலைச் சுற்று முடித்து, மதாம் ஒர்த்தான்ஸ் வீட்டில் காப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்த நேரம் அது. முப்பது வருஷம் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒர்த்தான்ஸிடம் ஊர் வில்லங்கம் எல்லாம் வந்து சேரும். திபோவுக்கோ வில்லங்கம் என்றால் காப்பியைவிட ருசி.

"மதாம், என்னைத் திருடிங்கறாங்க" என்றாள் நொயெமி.

"யாரு?" திபோ பாதி எழுந்துவிட்டார்.

"வாத்தியாரோட தங்கச்சி மகன், அர்மான். மாமி மார்த்தோட தங்க புரோச்சைக் காணோமாம், காலர்ல குத்திக்கற நகை. மத்தியானத்துக்குள்ள குடுக்கலைன்னா போலீசாம்."

எவரிஸ்த் வாத்தியார் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மனைவி மார்த் போனபின் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நொயெமி. பதினோரு வருஷம். அந்தப் புரோச்சை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"திடீர்னு உன் மேல ஏன் சந்தேகம்?" என்று நிதானமாகக் கேட்டாள் ஒர்த்தான்ஸ்.

"வாத்தியாரோட டைரியில இருக்காம். 'கடிகாரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சேன், அவ கண்டுபிடிச்சுட்டா'ன்னு. திறந்து பார்த்தா கடிகாரம் காலி. அது வாத்தியார் இருக்கறப்பவே நின்னுபோன கடிகாரம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு பூனைக்குத்தான் வெளிச்சம். எப்பப் பாரு அதையே பிறாண்டிக்கிட்டு கிடக்கும்."

"டைரியைப் பார்த்தியா?"

"அவர்தான் படிச்சுக் காட்டினார்."

"படிச்சுக் காட்டினா பத்தாது" என்று ஒர்த்தான்ஸ் குடையை எடுத்தாள்.

வாத்தியார் வீட்டு அடுக்களையில் ஆளுயரக் கடிகாரம் ஏழேகாலில் நின்றிருந்தது. அதன் அடியில் பூனை. அர்மான் டைரியை மேசையில் போட்டார். "தாராளமாப் படிங்க. மாமா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

ஒர்த்தான்ஸ் அந்தப் பக்கத்தை மட்டுமல்ல, பின்னோக்கிப் பல பக்கங்களையும் படித்தாள். பிறகு கடிகாரத்தின் நீளக் கதவைத் திறந்து உள்ளே முகர்ந்தாள். ஊசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு துண்டு நூல். பலகையில் எண்ணெய்க் கறை. நூலைக் கழற்றி உற்றுப் பார்த்துவிட்டு, திபோவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் சைக்கிளில் பறந்தார். தச்சன் பட்டறைக்குப் போய்த் திரும்ப இருபது நிமிஷம். திரும்பியவர் முகத்தில் சிரிப்பு தாளவில்லை.

"உட்காருங்க முசியே அர்மான்" என்றாள் ஒர்த்தான்ஸ். "உங்க மாமா 'ஒளிச்சு வெச்சேன்'னு எழுதலை. 'ஒளிச்சு வெச்சிருந்தேன்'னு எழுதியிருக்கார்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஐயையோ!" என்றார் திபோ. "இதுக்குத்தான் நான் வாத்தியார்கிட்ட பெஞ்சு மேல நின்னேன். ஒளித்து வைத்திருந்தேன், ஒளித்து வைத்திருந்தாய், ஒளித்து வைத்திருந்தான்... முடிஞ்சதுக்கும் முன்னாடி முடிஞ்சது!"

"அதேதான். அவர் எழுதறப்பவே அந்த ஒளிப்பு பழைய கதை. அப்புறம் கடிகாரம் காலியா இருக்கறதுல என்ன அதிசயம்?"

"சரி, அவ முன்னாடியே எடுத்துட்டா. 'அவள் கண்டுபிடித்திருந்தாள்'னுதானே இருக்கு!"

"எதை? 'அதை'ன்னுதான் இருக்கு. திபோ, நம்ம பிரெஞ்சு பாஷையில ஆணி என்ன பால், கரண்டி என்ன பால்?"

"ஆணி ஆம்பளை, கரண்டி பொம்பளை."

"புரோச்?"

"பொம்பளை."

"பெண்பால் பொருளை 'அதை'ன்னு முன்னால சொல்லிட்டு 'ஒளிச்சு வெச்சிருந்தேன்'னா, வினையோட கடைசியில ஒரு ஊமை எழுத்து சேரணும். காதுல விழாது, கண்ணுலதான் படும். இங்கே ரெண்டு வினையிலயும் அது இல்லை. நாப்பது வருஷம் இதே தப்புக்கு மார்க் குறைச்ச மனுஷன் ரெண்டு தடவை மறப்பாரா? அவர் ஒளிச்சது ஆண்பால்."

அர்மான் குனிந்து டைரியைப் பார்த்தார். வினையின் கடைசி எழுத்தை விரலால் தேடினார்.

"கடிகாரத்துல மிளகு வாசனை, எண்ணெய்க் கறை, கட்டித் தொங்கவிட்ட நூல். டாக்டர் உப்பும் கொழுப்பும் கூடாதுன்னு சொல்லியிருந்தார். நொயெமி சிட்டிகை உப்புகூடப் போட மாட்டா. அவர் தொங்கவிட்டது காய்ஞ்ச சாசேஜ், உப்பும் கொழுப்புமா அடைச்ச இறைச்சிக் குழல்; அது ஆம்பளை. ஊசல் அதுல இடிச்சுத்தான் கடிகாரம் நின்னுது."

"அப்போ கண்டுபிடிச்ச 'அவள்'?"

எல்லாரும் பூனையைப் பார்த்தார்கள். பொட்டைப் பூனையும் அவர்கள் பாஷையில் 'அவள்'தான். அது கொட்டாவி விட்டது.

"அடிக் கள்ளி!" என்றாள் நொயெமி. "ஒரு வாரம் பாலைத் தொடலியே, சீக்குன்னு நினைச்சேன்!"

"புரோச் எங்கேதான் போச்சு?" அர்மானின் குரல் இறங்கியிருந்தது.

ஒர்த்தான்ஸ் சில பக்கம் முன்னால் திருப்பினாள். "நவம்பர் ஒண்ணு. 'மார்த்தின் கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோனேன். அதை அவளிடமே விட்டிருந்தேன். நல்லதாகப் போயிற்று.' இந்த 'விட்டிருந்தேன்'ல பாருங்க, ஊமை எழுத்து உட்கார்ந்திருக்கு. ஆனா எழுத்து மட்டும் சாட்சி ஆகாது. திபோ?"

"சவப்பெட்டி செஞ்ச தச்சனைக் கேட்டேன். மூடறதுக்கு முன்னாடி வாத்தியாரே மார்த்தம்மா காலர்ல புரோச்சைக் குத்தினாராம். அவன் கண்ணால பார்த்திருக்கான்."

"நான் அப்போ கப்பல்ல இருந்தேன்" என்றார் அர்மான். "மாமி அடக்கத்துக்கு வர முடியலை." டைரியை மெல்ல மூடினார். பிறகு எழுந்து நொயெமியின் முன்னால் வந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க. அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். வாத்தியார் மருமகன்னு சொல்லிக்கவே வெட்கமா இருக்கு."

நொயெமி தலையாட்டினாள். ஆனால் அவள் நினைப்பு வேறெங்கோ இருந்தது. கண் கலங்கிவிட்டது.

"எட்டு மாசம் உப்பில்லாத சூப்பா ஊத்தினேன், மதாம். முகம் சுளிக்காமக் குடிச்சார். ஒரே ஒரு ஆசை, அதையும் பூனை தின்னுடுச்சே!"

ஒர்த்தான்ஸ் நூல் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தாள். "எண்ணிப் பாரு. எத்தனை முடிச்சு?"

"ஆறு."

"ஒவ்வொரு முடிச்சுப் பக்கத்துலயும் கத்தியால அறுத்த நுனி இருக்கு. நறுக்கி நறுக்கித் தின்னுட்டு, திரும்பத் திரும்பக் கட்டித் தொங்கவிட்டிருக்கார். பூனைக்கு வாய்ச்சது கடைசி மிச்சம்தான்."

நொயெமி முடிச்சுகளை இன்னொரு முறை விரலால் தடவி எண்ணினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"திருட்டு மனுஷன்! நல்லாத் தின்னிருக்கார்."