தெல்மா இழுத்தெடுத்தது

காற்று மேற்கிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. தெல்மாவின் கழுத்துத்துணி கிழக்கே பார்த்துப் படபடத்தது. ஆனால் அந்தப் பள்ளத்தில் மட்டும் புல் முழுக்க மேற்குப் பக்கம் சாய்ந்து, வீசுகிற காற்றுக்கு எதிராக நீட்டிக்கொண்டு நின்றது.

“நோரீன், அந்தப் புல்லைப் பாரேன்.”

“பாத்தேன். பச்சையா இருக்கு. புல்லு அப்படித்தான்டி இருக்கும்.”

நோரீன் நிற்கவில்லை. ஊரில் பஸ் ஓட்டுகிறவள். எதிரே எது வந்தாலும் ஹாரன் அடித்தால் விலகிவிடும் என்று நம்புகிற உடம்பும் நடையும். பள்ளிக்கூடத்திலிருந்தே தெல்மா அவள் முதுகைப் பார்த்தபடி நடந்து பழகியவள். வசந்தத்தில் தெல்மாவின் கணவன் நார்மன் இறந்துபோனதும், திரைச்சீலையைக்கூட விலக்காமல் வீட்டுக்குள் கிடந்தவளிடம் ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து போட்டு, “நீயா காலை விடுறியா, நான் விடட்டுமா?” என்று கேட்டவள் நோரீன்தான். அன்றிலிருந்து விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் இருவரும் யார்க்‌ஷயரின் இந்த மரமில்லாத மேட்டுவெளிக்கு ஏறி வந்துவிடுவார்கள்.

இடிந்த ஒரு கல்சுவரின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நோரீன் தன் பன்றிக்கறி அடைத்த ரொட்டியைத் தின்றுவிட்டு தெல்மாவுடையதிலும் பாதியைப் பிய்த்துக்கொண்டாள். எழுந்து நடந்த கொஞ்ச நேரத்தில் மூடுபனி வந்தது. மேலேயிருந்து இறங்கவில்லை, ஹெதர் என்ற குட்டைப் புதர்களின் அடியிலிருந்து கசிந்து, முழங்காலை மறைத்து, இடுப்பை மறைத்து, கடைசியில் வானத்தையும் மூடியது. வழிகாட்டும் கற்குவியல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஆடுகளின் சத்தம் அடங்கியது. அணைந்த தீக்குச்சியும் பழைய இரும்பும் கலந்ததுபோல ஒரு வாடை தரையிலிருந்து எழுந்தது. பூட்ஸை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நிலம் விட மனமில்லாததுபோலச் சப்பிப் பிடித்துப் பிறகு விட்டது.

“நின்னுடலாம் நோரீன். பனி கலையட்டும்.”

“கலையுறதுக்குள்ள கைகால் விறைச்சுடும். எனக்கு இந்த வழி தெரியும்டி, பேசாம என் பின்னாடியே…”

வாக்கியம் முடியவில்லை. கனமான எதையோ ஈரத்துணியில் போட்டதுபோல ஒரு சத்தம். தெல்மா ஓடிப் பார்த்தபோது நோரீன் மார்புவரை தரைக்குள் இருந்தாள். அவளைச் சுற்றிக் கறுப்புச் சேறு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

“கிட்ட வராதே. படு. வயித்தை வச்சுப் படு.”

தெல்மா குப்புறப் படுத்து, நடக்கக் கொண்டுவந்த ஊன்றுகோலை நீட்டினாள். நோரீன் பற்றிக்கொண்டாள்.

“உன் ரொட்டியையும் தின்னிருக்கக் கூடாதுடி,” என்றாள் நோரீன், சிரிக்கப் பார்த்து.

தெல்மா இழுத்தாள். தோள் பிய்ந்துவிடும்போல வலித்தது. நோரீன் ஒரு சாண் மேலே வந்தாள், இரண்டு சாண் உள்ளே போனாள். “தெல்மா, கால்ல தரையே படலை,” என்றாள், சிறுபிள்ளைக் குரலில். அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் தெல்மா கேட்டதே இல்லை. பிறகு கோல் வழுக்கியது. நோரீனின் முகம், நெற்றி, நரைத்த முடி. எல்லாம் போய், சேறு மூடிக்கொண்டது.

தெல்மா முன்னால் ஊர்ந்து இரண்டு கைகளையும் தோள்வரை சேற்றுக்குள் விட்டுத் துழாவினாள். குளிர் எலும்பில் கடித்தது. வேர். கல். மறுபடி வேர். கடவுளே, இவளை மட்டும் விட்டுவிடு, நார்மனைத்தான் எடுத்துக்கொண்டாயே. விரல்கள். அவள் கையை விரல்கள் பற்றின.

எங்கிருந்து அவளுக்கு அத்தனை பலம் வந்ததோ. கை வந்தது, தோள் வந்தது, தலை வந்தது. தலையிலிருந்து கால்வரை கறுப்பாக ஒரு உருவம் அவள் பக்கத்தில் வந்து விழுந்தது. தெல்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“எழுந்திரு. நடக்கணும். உக்காந்தா செத்துடுவோம். என் கையை விடாதே, சரியா?”

நடந்தார்கள். இந்த முறை தெல்மா முன்னால். நோரீனின் கை குளிர்ந்து, வழவழவென்று அவள் கைக்குள் இருந்தது. தெல்மா வாய் ஓயாமல் பேசினாள். வெந்நீர்க் குளியல் பற்றி. சர்க்கரை நிறையப் போட்ட டீ பற்றி. இரவு தன் வீட்டிலேயே தங்கிவிடலாம் என்று. நிலம் சரியத் தொடங்கியது. கீழே எங்கோ ஓடை சலசலத்தது. ஓடையைப் பிடித்தால் போதும், அது சாலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

நோரீன் பதில் சொல்லவில்லை. அதிர்ச்சி, பாவம். வாயடைத்துப் போயிருக்கும். ஆனால் குளிரில் பல் கிடுகிடுக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. இருமலும் இல்லை. அவ்வளவு சேற்றை விழுங்கியவள் ஒரு தடவைகூட இருமவில்லை. தெல்மா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். அங்கே மூச்சுவிடும் சத்தம் என்று எதுவுமே இல்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து, பனிக்கு அப்பாலிருந்து, குரல் வந்தது.

“தெல்மா… எங்கடி போனே?”

தெல்மா நின்றாள். பக்கத்தில் இருந்ததும் நின்றது.

“வேர் ஒண்ணு கையில கெடைச்சுது… மேல வந்துட்டேன்… கழுத்து வரைக்கும்தான் இருக்கு. சீக்கிரம் வா.” ஒரு நீண்ட இருமல். “கை மரத்துப் போவுது தெல்மா.”

கையை உதறினாள். விடவில்லை. முறுக்கினாள். விடவில்லை. பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. பூட்டிய கதவுபோல அப்படியே இருந்தது.

திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தாள். நோரீனின் உயரம்தான். நோரீனின் தோள்தான். முகத்தில் சேறு அப்பியிருந்தது. தெல்மா மற்ற கையால் அதை வழித்தாள். உள்ளே சேறு. இன்னும் வழித்தாள். சேறு. அழுத்தித் தோண்டினாள், மூக்கு தட்டுப்படும், பல் தட்டுப்படும் என்று. விரல்கள் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. எலும்பு இல்லை. வெறும் குளிர். விரல்களை உருவியபோது அந்த முகத்தில் ஒரு பொத்தல் நின்றது.

“நான் வர்றேன் நோரீன்! விட்டுடாதே!”

மேடு ஏறினாள். அது அவளோடு வரவில்லை. மாட்டை இழுப்பதுபோல இழுத்தாள். புதர்களைப் பற்றி, மண்டியிட்டு, நகம் பெயர, ஒரு அடி. இன்னொரு அடி. அந்தக் கையைக் கடித்தாள். வாய் நிறைய மண்ணும் வேர்த்தூளும் வந்தது. துப்பினாள். கடித்த இடம் மெல்ல மூடிக்கொண்டது.

“வந்துட்டு இருக்கியா?”

“வர்றேன். இதோ வந்துட்டேன். பேசிக்கிட்டே இரு.”

“என்ன பேச?”

“எதையாவது பேசு. உன் பஸ்ஸைப் பத்திப் பேசு.”

“பஸ்ஸு…” நோரீன் அழுதுகொண்டிருந்தாள். “தெல்மா, வாய்க்கிட்ட வந்துடுச்சு.”

தெல்மா இழுத்தாள். தோள் மூட்டில் ஏதோ நழுவியது. வலி தெரியவில்லை. கறுப்பு உருவம் புல்லைச் சாய்த்தபடி ஒரு அடி நகர்ந்தது. இன்னும் ஒரு அடி. பனி. எந்தப் பக்கம்? குரல் வந்தால்தான் தெரியும்.

“பேசு நோரீன். கூப்பிடு. என் பேரைச் சொல்லு.”

ஒன்றுமில்லை.

“பேரைச் சொல்லுடி!”

தூரத்தில், தண்ணீர் குழைந்த குரலில், “தெல்…”

அவ்வளவுதான். ஈரமாக ஒரு சின்னச் சத்தம்.

தெல்மா காத்திருந்தாள். வாயைத் திறந்தபடி, மண்டியிட்டபடி.

அவள் காதோரம், அவள் விரல்கள் தோண்டிய பொத்தல் அசைந்தது. ஒருமுறை விரிந்தது. சுருங்கியது. பிறகு, நோரீனின் குரலிலேயே, மீதியைச் சொன்னது.

“…மா.”