சரிபாதி வாடகை

கூலியாள் மூட்டையை இழுத்தான்.

கூடவே ஒரு கையும் வந்தது...

வாலாஜாபாத் மண்டித் தெருவே லாரியைச் சூழ்ந்துகொண்டது. செத்துக் கிடந்தவர் லாரியின் சொந்தக்காரர் முனிரத்தினம். கழுத்தில் கயிற்றுத் தடம். அவரை மூடியிருந்த நான்கு அரிசி மூட்டைகளிலும் மங்கம்மாவின் பெயர்!

அது டீசல் தட்டுப்பாட்டுக் காலம். உத்திரமேரூரில் சரக்கு அனுப்பும் மங்கம்மா சர்வீஸும் தாமோதரன் சர்வீஸும் இந்த ஒரே லாரியில்தான் சரக்கேற்றின. டீசலோடு சேர்த்து வாடகை சரிபாதி.

அநியாயம்! மங்கம்மாவின் மூட்டைகள் வாலாஜாபாத்திலேயே இறங்கிவிடும். தாமோதரனின் சரக்கு மெட்ராஸ் வரை சவாரி போகும். அடுத்தவர் டீசலில் ஊர் சுற்றுவதற்குப் பெயர் கூட்டாம்.

நேற்று மாலை இதைச் சொல்லி மங்கம்மா முனிரத்தினத்திடம் கொதித்தது ஊருக்கே கேட்டது.

இன்று இறக்கும்போது அவளுக்கு நான்கு மூட்டை குறைந்தது. சண்டை போட்டு, மெட்ராஸ் சரக்கு முழுவதையும் இறக்க வைத்தாள். அடியில் பிணம்.

"அவ மூட்டைக்கு அடியிலயே கீது பாருங்க சார்," என்றான் தாமோதரன், ஜீப்பில் வந்திறங்கிய இன்ஸ்பெக்டரிடம். "நேத்து கத்திக்கினு இருந்தா. இன்னிக்கு முடிச்சிட்டா."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். மாட்டினால் சர்வீஸ் போச்சு. தூக்குக் கயிறும் தூரமில்லை.

மங்கம்மா அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சார், மொதல்ல எறங்கற சரக்க கடைசியா ஏத்துவோம். என்னுது எப்பவும் பின்னாண்ட. மெட்ராஸ் சரக்கு உள்ளாற. காலைல நான் வரச்சே இவன் அத்த ஏத்தி முடிச்சிட்டான். அதுக்கு அடியில நான் எப்படி பூந்து பொணத்த வெப்பேன்? என் மூட்டைங்க நேத்தே ஷெட்டுக்கு வந்துடுச்சி. நாலை எடுத்து மூடிக்கீறான்."

இன்ஸ்பெக்டர் டிரைவரை விசாரித்தார். கூலியாட்களை நாஷ்டாவுக்கு அனுப்பிவிட்டு, அடி வரிசையைத் தாமோதரன் தானே அடுக்கினானாம்.

தாமோதரனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பின்ன இன்னா சார்? விடிஞ்சதும் விடியாததுமா, இனிமே தூரத்துக்குத் தக்கன பங்குன்னான் முனிரத்தினம். அவ பேச்சைக் கேட்டுக்கினு என் பொழப்புல மண்ணப் போட்டா சும்மா வுடுவனா?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான். விலங்கு அவன் கைக்குப் போனது.

ஜீப் கிளம்பும்போது மங்கம்மா குனிந்து உள்ளே பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் போற சரக்கு நீதான் தாமோதரா. இந்தத் தபா முழு வாடகையும் நீயே குடு."