குமிழ் விட்ட மீன்

எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டும் நெவ்வின் வலது கையில் ஒரு மீன் உண்டு. பச்சை குத்திய பாரமுண்டி மீன். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டிருக்கும். அதன் வாய்க்கு நேராக நெவ்வின் தோலில் ஒரு மச்சம் இருந்தது. பார்த்தால் மீன் குமிழ் விடுவது போலவே இருக்கும்.

"இருபத்தஞ்சு வருஷமா ஒரே ஒரு குமிழ்தான் விட்டிருக்கு. சரியான சோம்பேறி மீன்" என்பார் நெவ்.

நெவ்விடம் ஒரு சட்டம் உண்டு. ஏறிய எல்லார் தலையிலும் தொப்பி இருந்தால்தான் கை பிரேக்கை விடுவார். ஆஸ்திரேலிய வெயிலுக்குப் பயந்து, எங்கள் பள்ளியில் தொப்பி இல்லாதவர்களுக்கு விளையாட்டு கிடையாது. கொட்டகை நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தன் பேருந்துப் பிள்ளை ஒன்றுகூட அந்தக் கொட்டகையில் உட்காரக் கூடாது என்பது நெவ்வின் வைராக்கியம்.

மறந்து வருபவர்களுக்காக அவருடைய இருக்கைக்கு அடியில் ஒரு தொப்பி இருந்தது. அதன் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் இறால் ஆடும். அதை அதிக நாள் அணிந்தவள் நான்தான். என் பெயர் மார்னி. சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பெருமை எதுவும் இல்லை.

"மகாராணி வந்தாச்சு! கிரீடத்தை எடுங்கப்பா!" என்று நெவ் கத்துவார். இறால் தொப்பி என் தலையில் ஏறும். பேருந்தே சிரிக்கும்.

என் பக்கத்து இருக்கை ஹெட்டிக்கு. அவள் நன்றாகப் படம் வரைவாள். அவளிடம் உள்ள ஒரே குறை, உள்ளதை உள்ளபடி வரைவதுதான். ஒருமுறை என் மூக்கை வரைந்து காட்டினாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பிப்ரவரியில், புதிய பள்ளி ஆண்டு தொடங்கிய புதிதில், ஹெட்டி நெவ்வின் மீனை வரைந்தாள். செதில்களை எண்ணி எண்ணி வரைந்தாள். மொத்தம் எழுபத்திரண்டு. நெவ் கையைச் சொறியக்கூடச் செய்யாமல் காட்டிக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்தது. தினமும் காலையில் கரும்பு ரயில் எங்கள் பாதையை மறித்துக்கொண்டு போகும். அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் நூறு பெட்டிகள் வரை எண்ணிவிட்டு நெவ் கொட்டாவி விட்டார். ஸ்டீயரிங் மேல் கையை நீட்டி வைத்துக்கொண்டார். ஹெட்டி உடனே பென்சிலை எடுத்தாள்.

ரயில் போய்ப் பேருந்து கிளம்பிய பிறகும் அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்னி, இங்க பாரு" என்றாள் மெல்லிய குரலில்.

இரண்டு படங்கள். பிப்ரவரி மீனும் செப்டம்பர் மீனும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன. குமிழ் மட்டும் வேறாக இருந்தது. பிப்ரவரியில் அது மீனின் கண் அளவு, உருண்டையாக. இப்போது கண்ணைப் போல இரண்டு மடங்கு. ஓரம் கோணல்மாணலாக இருந்தது. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கறுப்பு.

"நீ தப்பா வரைஞ்சிருப்ப" என்றேன்.

"நானா?"

என் மூக்கு நினைவுக்கு வந்தது. அவள் தப்பாக வரைய மாட்டாள்.

எங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். வளர்கிற மச்சம், நிறம் மாறுகிற மச்சம் என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். குயின்ஸ்லாந்து வெயில் அப்படிப்பட்டது. பள்ளி வாசல் பலகையில் தினமும் வெயிலின் எண்ணை, அதாவது புற ஊதாக் கதிரின் அளவை, எழுதிப் போடுவார்கள். மூன்றை எட்டினாலே தொப்பியும் வெயில் க்ரீமும் கட்டாயம். கோடையில் அந்த எண் சாதாரணமாகப் பன்னிரண்டைத் தொடும்.

மாலையில் கடைசியாக இறங்குபவர்கள் நானும் ஹெட்டியும்தான். மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு ஹெட்டி நோட்டை நெவ்வின் மடியில் வைத்தாள்.

நெவ் பார்த்தார். சிரித்தார். "பரவாயில்லையே! மீன் வளருது, குமிழும் வளருது."

"மீன் வளரலையே நெவ். அது அப்படியேதான் இருக்கு. குமிழ் மட்டும்தான் வளர்ந்திருக்கு."

"அட, எனக்கு எங்கம்மா வெயில் படுது? நாள் முழுக்க பஸ்ஸுக்குள்ளதானே உக்காந்திருக்கேன். மேல கூரை இருக்கு பாரு!"

"ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார். இடது கை பால் நிறத்தில் இருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த வலது கை காய்ந்த இஞ்சி போலச் சுருங்கி, புள்ளி புள்ளியாக இருந்தது. ஒரே மனிதரின் கைகள் என்று சொன்னால் நம்ப முடியாது.

"கூரை இந்தக் கை வரைக்கும் வரலையே" என்றாள் ஹெட்டி.

நெவ்வின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "எங்க தாத்தா ஸ்காட்லாந்துல பொறந்தவரு. அங்க எப்பப் பாத்தாலும் மழையும் மூடுபனியும்தானாம். அந்த ஊருத் தோலைப் போர்த்திக்கிட்டு இந்த ஊர்ல பஸ் ஓட்டுறேன். சரி சரி, டாக்டர்கிட்ட போறேன். ஒரு நாள்."

மறுநாள் குமிழ் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"டாக்டர் போட்டாரா?" என்று ஹெட்டி ஆவலாகக் கேட்டாள்.

"நானே போட்டேன். மீனுக்குக் கூச்சமா இருக்காம்."

அதற்கடுத்த நாள் கேட்டோம். வீட்டில் குழாய் ரிப்பேர் என்றார். அதற்கும் அடுத்த நாள் மீன்பிடிப் போட்டி இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை கேட்பதற்குள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.

"பஸ் டிப்போவுல போட்டுக் குடுத்துடலாமா?" என்றேன் நான்.

ஹெட்டி மறுத்துத் தலையசைத்தாள். "வேணாம். அது அவரோட கை. ஊரெல்லாம் பேசினா அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

திங்கட்கிழமை காலை அதிசயம் ஒன்று நடந்தது. நான் என் சொந்தத் தொப்பியை மறக்காமல் போட்டுக்கொண்டு வந்தேன். நெவ் நெஞ்சில் கை வைத்து மயங்கி விழுவது போல நடித்தார். எல்லாரும் ஏறி உட்கார்ந்தோம். நெவ் கண்ணாடியில் தலைகளை எண்ணினார்.

"ஹெட்டி, தொப்பி எங்க?"

"மடியில இருக்கு."

"தலையில வை. நேரமாச்சு."

"நீங்க ஃபோன் பண்ணுங்க, நான் வைக்கிறேன்" என்றாள் ஹெட்டி. மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் காதெல்லாம் சிவந்துவிட்டது.

நெவ்வுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. மற்ற பதினாலு பேருக்கு ஒன்றும் புரியவில்லை.

"விளையாடாத அம்மணி. பஸ் நகராது."

"தெரியும்."

நான் என் தொப்பியைக் கழற்றினேன். வருஷத்தில் ஒரு நாள் ஒழுங்காகக் கொண்டுவந்ததைக் கழற்றுவது எவ்வளவு வருத்தம் என்று எனக்குத்தான் தெரியும்.

பின் இருக்கையில் இரண்டாம் வகுப்பு க்ளெம் எழுந்து நின்றான். "என்ன விஷயம்னு தெரியல. ஆனா நானும்!" என்று அவனும் கழற்றினான். பிறகு ஒவ்வொன்றாக எல்லாத் தொப்பிகளும் மடிக்கு வந்தன. பதினாறு வெறுந்தலைகள் கண்ணாடியில் தெரிந்தன.

நெவ் கை பிரேக்கைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய சட்டத்தை அவராலேயே மீற முடியவில்லை. கதவைத் திறந்து கீழே இறங்கினார். ஹெட்டியும் பின்னாலேயே இறங்கினாள். நான் ஜன்னல் வழியாகக் காதை நீட்டினேன்.

"எனக்குப் பயமா இருக்கு, ஹெட்டி" என்றார் நெவ். நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். இவ்வளவு பெரிய ஆள், மீசையெல்லாம் வைத்துக்கொண்டு. "போனா ஏதாவது சொல்லிடுவாங்களேன்னுதான் போகல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்."

நெவ் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து டாக்டரின் எண்ணை அழுத்தினார்.

திரும்பி வந்ததும், "நாளைக்குப் பத்து மணி. இப்பப் போடுங்க தொப்பிய, கொள்ளைக் கூட்டமா!" என்று கத்தினார். பதினாறு தொப்பிகள் தலைக்கு ஏறின. அன்று பள்ளிக்கு ஆறு நிமிஷம் தாமதம். காரணம் கேட்டபோது, கரும்பு ரயில் ரொம்ப நீளம் என்றான் க்ளெம்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் மச்சத்தை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் நெவ் மறுபடியும் போக வேண்டியிருந்தது. இரண்டு வாரம் வேறொருவர் பேருந்தை ஓட்டினார். அவர் யார் தலையையும் பார்க்கவில்லை. நான் மூன்று நாள் கொட்டகையில் உட்கார்ந்தேன். ஹெட்டி தன் தொப்பியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் ஒன்றும் வரையவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"நம்ம லேட்டா சொல்லிட்டோமோ, மார்னி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது திங்கட்கிழமை பேருந்தின் ஹாரன் தூரத்திலேயே கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். நெவ்! ஹெட்டி ஓடியே போய் ஏறினாள்.

"புற்றுநோய்தான். ஆனா இப்பத்தான் ஆரம்பம், மேல்தோலைத் தாண்டல, முழுசா எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் நெவ். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா வேற கதையாம். யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டாரு. எங்க பஸ்ல ஒரு அம்மணி இருக்கா, செதிலெல்லாம் எண்ணி வரைவான்னு சொன்னேன்."

ஹெட்டி சிரித்தாள். உடனே அழவும் அழுதாள். அவளைப் பார்த்து நானும் அழுதேன், எனக்கு எப்போதுமே அது தொத்திக்கொள்ளும்.

"மீன் எங்க?" என்று க்ளெம் கத்தினான்.

அப்போதுதான் கவனித்தோம். நெவ் மணிக்கட்டு வரை மூடிய வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மீன் பத்திரமாக உள்ளே இருந்தது. எங்களுக்குத்தான் பேருந்தே வெறிச்சென்று ஆகிவிட்டது.

"இதுக்குத்தான் கொண்டுவந்தேன்" என்று நெவ் துணியில் வரையும் பேனா ஒன்றை ஹெட்டியிடம் நீட்டினார். வலது கையை முன்னால் நீட்டிக் காட்டினார்.

ஹெட்டி வரைந்தாள். வெள்ளைச் சட்டைக் கையில் பாரமுண்டி மீன், வாயைத் திறந்தபடி. இந்த முறை குமிழ் இல்லை. செதில்களை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்றோம்.

நெவ் கண்ணாடியில் தலைகளை எண்ணினார். பதினைந்து தொப்பிகளும் ஒரு இறாலும் இருந்தன. கை பிரேக்கில் கை வைத்தவர், சட்டையில் இருந்த மீனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ம்ஹூம். பஸ் நகராது" என்றார்.

ஹெட்டி பேனாவை மறுபடியும் திறந்தாள். மீனுக்கு ஒரு தொப்பி வரைந்தாள். அதன் பிறகுதான் நாங்கள் கிளம்பினோம்.