கறுப்புத் தண்ணீரை மறித்தவர்கள்

"வாய்க்காலாம் வாய்க்கால்! காட்டுக்குள்ள எவன் வந்து வெட்டுனான்? கண்டுபிடிச்சிட்டு வா, அப்புறம் பேசு!"

பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் வேலாயுதனின் சிரிப்பு தனேஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. வறட்சி தொடங்கியதிலிருந்து அவள் குடியிருப்பில் குழந்தைகள் புகையில் இருமிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சதுப்புக்காடு மண்ணுக்கடியில் கனன்றுகொண்டிருந்தது. ஆண்டெல்லாம் தண்ணீரில் ஊறிக்கிடக்கும் காடு எப்படி எரியும்? யாரோ வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார்கள் என்று அவள் சொன்னதற்குத்தான் இந்தச் சிரிப்பு!

விடிந்ததும் வெட்டுக்கத்தியும் காலிச் சாக்குகளும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கூடவே அத்தை மகன் குணசீலன். வழிகாட்ட ரோஸ்னா, காட்டோரத்துப் பூர்வகுடிப் பெண், தனேஸ்வரியோடு ஒரே பள்ளியில் படித்துத் தமிழும் பேசப் பழகியவள்.

காட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் குணசீலன் இடுப்புவரை புதைந்தான்.

"தனேசு, புடி! உள்ள இழுக்குது!"

"காலை ஆட்டாத லா!" ரோஸ்னா கத்தினாள். "குப்புறப் படு! வேரப் புடிச்சி ஊர்ந்து வா!"

வந்தான். ஒரு பூட்ஸ் மட்டும் சேற்றோடு போய்விட்டது.

"திரும்பிடலாமா?"

"நீ போ. நான் வர மாட்டேன்," என்றாள் தனேஸ்வரி.

"ஒத்தக் கால் பூட்ஸோட தனியா எங்க போறது? நட!"

கறுத்த குட்டை ஒன்றில் ரோஸ்னா பழுத்த இலையைப் போட்டாள். இலை தயங்கியது, பிறகு மெல்ல நகர்ந்தது. "இந்தத் தண்ணி சும்மா நிக்கணும். ஓடுது பாரு!"

தண்ணீர் போன வழியே மூவரும் போனார்கள். ஈச்ச முட்கள் கையைக் கிழித்தன. திடீரென்று மரங்கள் விலகின. வாய்க்கால்! புதிதாக வெட்டிய கரை நடுவே, காட்டின் கறுப்புத் தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது. வற்றிய பள்ளத்தில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாய், பன்றிபோல் பருத்து மூக்கு நீண்ட தப்பீர் விலங்கு ஒன்று, குட்டியோடு ஈரச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தது. தனேஸ்வரிக்கு நெஞ்சு கொதித்தது.

குணசீலன் படம் எடுத்தான். "போதும், கெளம்புவோம். ஆபீசருங்க பாத்துக்குவாங்க."

"அவங்க வர்ற வரைக்கும் தண்ணி காத்திருக்குமா? மறிப்போம்!"

கம்புகளை வெட்டி ஊன்றினார்கள். கொண்டுவந்த சாக்குகளில் சேற்றை அடைத்து அடுக்கினார்கள். முதல் தடுப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. கொப்புளம் உடைந்த கைகளோடு மறுபடி ஊன்றினார்கள். இரண்டாவது நின்றது! தண்ணீர் திணறி, ஏறி, கரை வழிந்து காட்டுக்குள் திரும்பியது. கரையோரம் புகைந்துகொண்டிருந்த மண் உஸ்ஸென்று அணைந்தது.

பிற்பகலில், வாய்க்காலின் மேல்பகுதியைத் தோண்டிக்கொண்டிருந்த மண்வாரி இயந்திரம் கரையோரமாக உறுமிக்கொண்டு வந்தது. முன்னால், வாய்க்காலே இல்லையென்று சிரித்த வேலாயுதன்.

"யாருடி அணை கட்டுனது? ஒதுங்கு! ஒடைக்கப் போறோம்!"

தனேஸ்வரி தடுப்பின் மேல் ஏறி நின்றாள். "ஒடைச்சிக்குங்க. என்னைத் தாண்டித்தான் ஒடைக்கணும்!"

குணசீலனும் ரோஸ்னாவும் இருபுறமும் ஏறிக்கொண்டார்கள்.

"ஓட்டுடா!" வேலாயுதன் கத்தினான்.

இயந்திரம் முன்னேறியது. ஊறிய கரை சரக்கென்று உள்வாங்கியது! ஓட்டுநர் அலறிக்கொண்டு குதித்தார். கண்ணெதிரே இரும்புச் சங்கிலிச் சக்கரங்கள் சேற்றில் அமிழ்ந்தன. வேலாயுதன் முழங்கால்வரை புதைந்து திணறினான்.

"மண்டோர், ஆட்டாதீங்க! கையக் கொடுங்க!" தனேஸ்வரியே இழுத்துக் கரையேற்றினாள். அவன் முகம் பார்க்காமல் நடந்துபோனான்.

இயந்திரத்தை யாராலும் ஒளித்துவைக்க முடியவில்லை. குணசீலனின் படங்களைப் பார்த்து வன இலாகா ஜீப் வந்தது, காட்டை வடித்துச் செம்பனை நடவிருந்த தோட்டத்தின்மேல் விசாரணை வந்தது, வாய்க்கால் வேலை நின்றது. குடியிருப்பே திரண்டு மூவரையும் மாலையோடு வரவேற்றது.

மாலையைக் கழற்றிய தனேஸ்வரி கேட்டாள்: "ஒரு தடுப்பு பத்தாது. காடு முழுக்க நனையணும்னா இன்னும் நெறைய கட்டணும். யாரு யாரு வர்றீங்க?"

முதலில் எழுந்தவர், அதே குடியிருப்பில் தன் பிள்ளையும் இருமக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இயந்திர ஓட்டுநர். அடுத்து வரிசையாக எல்லோரும்.