கண்ணாடிக்கு வெளியே நின்றவர்

"நாடகத்துல வர்ற ஒரு வசனம், அது எப்படி வெளிய போச்சுன்னு கண்டுபிடிக்கணும்," என்றார் மோய்ரா கெட்டிஸ். நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பீட்ரி நிமிர்ந்தார். டண்டீ நகரில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எல்ஸ்பெத் ஸ்கிர்விங்கின் துப்பறியும் அலுவலகத்துக்குச் சம்பளமில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தார். போன் வந்தால் எடுப்பார். வராவிட்டால் யாரையாவது சந்தேகப்படுவார்.

"டின் லேண்டர்ன்ஸ் நாடகமா? சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு என்கிட்ட ரெண்டு டிக்கெட் இருக்கு."

எழுபதுகளில் அந்த ஊரே கொண்டாடிய ராக் குழு அது. அவர்கள் பாட்டுகளையே கோத்து, அவர்கள் கதையையே நாடகமாக்கி, ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு வந்த கம்பெனி அந்த வாரம் டண்டீயில் இறங்கியிருந்தது.

"பேஸ் கிட்டார் வாசிச்ச லாக்லன் என் அண்ணன்," என்றார் மோய்ரா. பீட்ரி பேப்பரை மடித்து வைத்தார்.

"ஃபிரேசர்பரோ கச்சேரிக்கு மறுநாள் அவன் துறைமுகத் தண்ணில கெடச்சான். வழுக்கி விழுந்தானா, குதிச்சானான்னு போலீஸால சொல்ல முடியல. எனக்கு மட்டும் தெரியும்னு நெனச்சிட்டிருக்கேன்."

"என்ன தெரியும்?" எல்ஸ்பெத்தின் குரல் எப்போதும்போல் தாழ்ந்தே இருந்தது.

"கச்சேரி முடிஞ்சதும் எனக்குப் போன் பண்ணினான். 'மோ, நான் வீட்டுக்கு வர்றேன். இனிமே இந்த வேன் பொழப்பு வேண்டாம்'னான். அம்மா அந்த வசந்தத்துலதான் போய்ச் சேந்தாங்க. படுக்கையில கெடந்தப்போ ஒரு தடவைகூட எட்டிப் பாக்காதவன். 'இப்ப யாருக்காக வர்ற? வராத'ன்னு சொல்லி டொக்குன்னு வெச்சிட்டேன்."

அவர் கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார்.

"போலீஸ்ல சொல்லல. புருஷன்கிட்டயும் சொல்லாமலே அவரையும் மண்ணுக்கு அனுப்பி வெச்சிட்டேன். போன செவ்வாய்க்கிழமை அந்த நாடகத்துக்குப் போனா, மேடையில ஒரு டெலிபோன் பூத். ஒரு பையன் ரிசீவர எடுத்து அதே வார்த்தைய பேசறான். 'இனிமே இந்த வேன் பொழப்பு வேண்டாம்.' அதுக்கு மேல உக்கார முடியல. எல்லார் காலையும் மிதிச்சிக்கிட்டு வெளிய ஓடி வந்துட்டேன்."

"குழுவுல வேற யாரெல்லாம்?"

"கிரெகர் டல்லக் பாடுவார். ஃபெர்கஸ் வாட் கிட்டார். ரெண்டு பேரும் அவன்கூட ஸ்கூல்ல படிச்சவங்க, எங்கம்மா சவப்பெட்டியத் தூக்கினவங்க. டிரம்ஸுக்கு அப்பத்தான் ஆலிக் மென்னின்னு ஒரு பையன் வந்திருந்தான். வந்து ஒரு மாசம்கூட ஆகல, நான் பாத்ததே இல்ல. லாக்லன் தனியா நடந்து போனான், நாங்க வேன்ல இருந்தோம்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க."

மோய்ரா போனதும் பீட்ரி எழுந்து உலாவத் தொடங்கினார். "கிரெகர்தான். பாடகனுங்கள நம்பவே கூடாது. லாக்லன் விலகினா குழு கலைஞ்சிடும். கேட்டுட்டான், கோவம் வந்திடுச்சு, அவ்ளோதான்."

"முதல்ல நாடகத்தப் பாப்போம்," என்றார் எல்ஸ்பெத்.

சனிக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. இளவயதில் வாங்கிய, குழுவின் பெயர் போட்ட பனியன்களுக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு அறுபது வயதுக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் பாட்டுக்கே எழுந்து நின்று கூடவே பாடினார்கள். பீட்ரியும் பாடினார். எல்ஸ்பெத் தலையைக்கூட ஆட்டவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன் விளக்குகள் மங்கின. ஓரத்தில் சிவப்பு டெலிபோன் பூத் வந்து நின்றது. லாக்லனாக நடித்த இளைஞன் காசைப் போட்டான்.

"மா, நான் வீட்டுக்கு வர்றேன். இனிமே இந்த வேன் பொழப்பு வேண்டாம்."

எதிர்முனையின் பதில் யாருக்கும் கேட்கவில்லை. இளைஞன் காத்திருந்தான். ரிசீவரைப் பார்த்தான். மறுபடி காதில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"வெச்சிட்டியா? சரி, திட்டறத நேர்ல வந்து வாங்கிக்கறேன். சாவிய மட்டும் அப்பாவோட பூட்ஸுக்குள்ள போட்டு வை, மா."

கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்பிலேயே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இளைஞன் சீட்டியடித்தபடி இருட்டுக்குள் நடந்து போனான். திரை விழுந்தது.

பீட்ரி ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நாடக ஆசிரியரோடு எல்ஸ்பெத் பேசிக்கொண்டிருந்தார்.

"இதச் சொன்ன ஆள் யாருன்னு சொல்ல மாட்டாராம், சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காராம்," என்றார் எல்ஸ்பெத், வந்து உட்கார்ந்ததும். "ஆனா அந்தக் காட்சியில ஒரு வார்த்தையக்கூட மாத்தலையாம். சொன்னத அப்படியே எழுதினாராம்."

"கிரெகர்," என்றார் பீட்ரி, வாய் நிறைய ஐஸ்கிரீமுடன்.

சொந்த ஊர் என்பதால் குழுவின் மூவரும் அன்று வந்திருந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு நிஜ ஆலிக் மென்னியே மேடையேறி டிரம்ஸ் அடித்தார். காட்சி முடிந்ததும் தியேட்டரின் டீக்கடையில் ஒரு மூலை மேசையில் மூவரையும் உட்கார வைத்தார் எல்ஸ்பெத். பீட்ரி போய் மோய்ராவை அழைத்து வந்தார்.

கிரெகரும் ஃபெர்கஸும் எழுந்து மோய்ராவைக் கட்டிக்கொண்டார்கள். ஆலிக் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மோய்ரா, ஒண்ணு கேக்கறேன், யோசிக்காம சொல்லுங்க," என்றார் எல்ஸ்பெத். "அந்தக் காலத்துல உங்கண்ணன் நேரங்கழிச்சு வந்தா, வீட்டுச் சாவி எங்க இருக்கும்?"

"பின்வாசல்ல. அப்பாவோட பழைய பூட்ஸ் ஒண்ணு கெடக்கும், அதுக்குள்ள." மோய்ரா முகம் சுளித்தார். "அது எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்கண்ணன்தான். நீங்க போனை வெச்சதுக்கப்புறம் சொன்னது. செவ்வாய்க்கிழமை நீங்க எழுந்து ஓடலன்னா நீங்களே கேட்டிருப்பீங்க."

மோய்ரா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்தக் காட்சியில லாக்லன் பேச்சு மட்டுந்தான் இருக்கு, உங்க பேச்சு ஒரு சொல்கூட இல்ல. ஏன்னா சொன்னவர் காதுல அது விழல. பூத்துக்கு வெளிய, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னவர் அவர். உங்கண்ணன் உங்கள எப்படிக் கூப்பிடுவார்?"

"மோன்னு."

"நாடகத்துல 'மா'ன்னு வருது. கண்ணாடி வழியா 'மோ' 'மா'வாத்தான் கேட்டிருக்கு. அம்மாகிட்ட பேசறான்னு அவர் நம்பிட்டார். இன்னிவரைக்கும் நம்பறார். அந்தம்மா இறந்து மாசக்கணக்காச்சுன்னு கிரெகருக்குத் தெரியும், ஃபெர்கஸுக்குத் தெரியும். பெட்டியத் தூக்கினவங்களாச்சே. அவங்க காதுல 'மா'ன்னு விழுந்திருந்தா அப்பவே குழம்பியிருப்பாங்க. இந்தத் தப்ப அந்தக் குடும்பத்தத் தெரியாத ஒருத்தர்தான் பண்ண முடியும்."

பீட்ரி மெதுவாகத் தன் நாற்காலியை கிரெகரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். எல்லோரும் ஆலிக்கைப் பார்த்தார்கள்.

"அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு," என்றார் ஆலிக். கைகள் மேசைக்கடியில் இருந்தன. "நானும் போன் பண்ணணும்னு வெளிய நின்னேன். அவன் சிரிச்சிக்கிட்டே வந்தான். வேன்ல ஹார்ன் அடிச்சிட்டே இருந்தாங்க. 'நீ போய் வேனை அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லு, துறைமுகச் சுவர் மேலயே போனா சீக்கிரம்'னு நான்தான் சொன்னேன். சுவர் மேல பனி உறைஞ்சு கெடந்தது. நான் வேனுக்குப் போனப்போ அவன் இல்ல. கோவிச்சிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான்னு இவங்க பேசிக்கிட்டாங்க. நான் வாயத் தொறக்கல. காலையில சேதி வந்தப்புறம் தொறக்கவே முடியல, போலீஸ்ல இவங்க சொன்னதையே நானும் சொல்லிட்டேன்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா," என்றார் ஃபெர்கஸ். கிரெகர் ஆலிக்கின் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

ஆலிக் மோய்ராவை நிமிர்ந்து பார்த்தார். "அவன் கடைசியாச் சிரிச்சது யாருக்காவது தெரியணும்னு தோணிச்சு. அதான் அந்த ஆசிரியர்கிட்ட சொன்னேன். உங்கம்மான்னுதான் நெனச்சேன். நீங்கன்னு தெரியாது. நான் அனுப்பலன்னா..."

"நான் போனை வெச்சேன், நீங்க சுவர் வழியா அனுப்பினீங்க," என்றார் மோய்ரா. "ரெண்டு பேரும் இத்தன வருஷம் தனித்தனியா சுமந்திருக்கோம். அவன் பாட்டுக்கு வீட்டுக்குக் கெளம்பியிருக்கான்."

அழுவார் என்று நினைத்துப் பீட்ரி கைக்குட்டையைத் தேடினார். மோய்ரா கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். ஆலிக்குக்கு எதிரே இடம் மாறி உட்கார்ந்தார்.

"நான் அவன் மேடையில வாசிச்சுப் பாத்ததே கெடையாது," என்றார். "அன்னிக்கு எப்படி வாசிச்சான்? உள்ளதச் சொல்லுங்க."

ஆலிக் மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"ரொம்ப மோசம்," என்றார் ஆலிக். "குளிர்ல விரலே ஓடல. பாதிப் பாட்டு வேற எதையோ வாசிச்சான். என்னைத் திரும்பிப் பாத்து, நான்தான் தப்பா அடிக்கற மாதிரி முறைச்சான் வேற."

மோய்ரா வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பீட்ரி கைக்குட்டையை நீட்டினார். ஆனால் அது வேண்டியிருக்கவில்லை, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.