பதினான்காவது பெயர்

காலையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பெயர், மதியம் மூன்று மணிக்கு ஈரமாக இருந்தது.

பீமராவ் தொட்டுப் பார்த்தார். விரலில் நீல மை. பால்பாயின்ட் எழுத்து ஈரமாகுமா? மனிதர் ஜெர்மன் காகிதங்களை மொழிபெயர்த்தே நாற்பது வருஷம் ஓட்டியவர். ஜெர்மனியில் ஒரு ஆணி கழன்றால்கூட அதன் ஜாதகம் திருச்சியில் தம் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் போகும் என்று பீற்றிக்கொள்வார். ரிட்டயராகியும் ரப்பர் ஸ்டாம்ப்பை விடவில்லை.

அவர் அந்தப் பெயரை எழுதிய இந்த ஃபைல், மலைக்கோட்டைக்குக் கீழே பழைய சாமான் விற்கும் ஹபீபுல்லா ஓர் இரும்புப் பெட்டியில் கண்டெடுத்துக் கொடுத்தது. 1939. போர் மூண்டதும் பிரிட்டனும் ஜெர்மனியும் தம்மிடம் சிக்கிய தூதரக ஆட்களைத் தலைக்குத் தலை மாற்றிக்கொள்ளும் பட்டியல். இடப்பக்கம் பதினான்கு ஜெர்மானியர்கள். வலப்பக்கம் ஆங்கிலேயர்கள், பதின்மூன்று பேர்தான். பதினான்காவது வரி காலி. அடியில் ஒரு குறிப்பு: "ஈடாக ஆள் இல்லை. துணைத் தூதர் ப்ரெமர் காத்திருக்கிறார்."

காலிக் கட்டத்தைக் கண்டால் பீமராவுக்குக் கை அரிக்கும். ஒரு கட்டம் விட்டாலும் ஃபார்ம் திரும்பி வந்துவிடும் என்று ஆபீஸ் கற்றுக்கொடுத்த பாடம். அன்று காலை சர்க்கரை வியாதியைச் சொல்லி, மனைவி பிரேமலதா சர்க்கரை போடாத காபி கொடுத்திருந்தாள். குறும்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினான்காவது வரியில் 'பிரேமலதா' என்று எழுதினார். பழக்கதோஷம், 'சரிபார்க்கப்பட்டது' என்று ஸ்டாம்ப்பும் குத்தி, கையெழுத்தும் போட்டார்.

இப்போது திடீரென்று கரண்ட் போனது. மின்விசிறி முனகி முனகி நிற்க, கொள்ளிடத்துப் பக்கமிருந்து வந்த அனல் காற்றில் பாச்சை உருண்டையும் சுருட்டும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாசனை, மூன்று மாடி ஏறி வந்த களைப்போடு ஹாலில் உட்கார்ந்தது.

போன் அடித்தது. வாட்ச்மேன் செந்தமிழன்.

"சார், கீழ ஒரு வெள்ளைக்காரர் நிக்கிறார். இந்த வெயில்ல கோட்டு, தொப்பி! அம்மா பேரைச் சொல்றார் சார்."

"மேல விடாதீங்க!"

"அவர் வரலையாம். லிஃப்ட்டை அனுப்புறாராம், அம்மாவை ஏறச் சொல்றார்."

"கரண்ட்டே இல்லையேய்யா!"

"அதான் சார் எனக்கும் பயமா இருக்கு."

வெளியே லிஃப்ட்டின் கம்பிக் கதவு கிறீச்சிட்டது.

சமையலறையிலிருந்து பிரேமலதா, "ஏங்க, யாரோ என்னைக் கூப்பிடுறாங்க. பாத்துட்டு வரேன்."

செருப்புச் சத்தம். வாசலை நோக்கி.

"போகாதே" என்றார். செருப்புச் சத்தம் நிற்கவில்லை. பேனாவை எடுத்தார். அவள் பெயரை அடித்தார். மறுபடி அடித்தார். மை பரவியதே தவிரப் பெயர் மறையவில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதானே? மேலே எழுதினார். பீமராவ். கையெழுத்து.

அடித்தல் திருத்தலுக்கு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அவருக்குத் தெரியாத விதியா? ஓரத்தில், காகிதத்துக்கு உள்ளிருந்து, மெதுவாக ஊறி வந்தது இன்னொரு கையெழுத்து.

ப்ரெமர்.

செருப்புச் சத்தம் நின்றது. "யாரையும் காணோமே," என்று அவள் திரும்பி நடந்தாள்.

அப்பாடா. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

நாற்காலி இல்லை. இரும்பு. ஜில்லென்ற கம்பி.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவருடைய வாசல். அவருடைய ஹால். அவருடைய நாற்காலியில், அவருடைய பனியனில், அவருடைய மூக்குக்கண்ணாடியோடு ஒருவர். பிரேமலதா டம்ளரை நீட்டினாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான். ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன்."

"பிரேமா!" என்று கத்தினார். அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏங்க, லிஃப்ட்ல நிக்கிற வெள்ளைக்காரர் ஏன் நம்மளையே பாக்குறார்?"

"விடு பிரேமா," என்றது பீமராவின் குரல், நாற்காலியிலிருந்து. "அவர் ஊருக்குப் போறார்."

பீமராவ் குனிந்து பார்த்தார். உடம்பில் கோட்டு. கையில் தொப்பி.

லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.