காரிக்கு வைத்த சோறு

கையால் பிசைந்து உண்டே வளர்ந்த ஒருவனிடம் இரண்டு மெல்லிய மூங்கில் கோல்களை நீட்டி, "இவற்றால் உண். தடுமாறினால் உன் தலையும் போகும், உன் நாட்டார் முப்பத்தொரு பேரின் விடுதலையும் போகும்" என்றால், அவன் என்ன செய்வான், வாசகர்களே?

சோழநாட்டுக் கப்பலைச் செலுத்திவந்த மீகாமன் சாத்தன் காரி அன்று மாலை அந்த நிலையில்தான் இருந்தான்.

சீன தேசத்துத் துறைமுகப் பட்டினம் அது. மதிலோரமெங்கும் முள்முருங்கை மரங்கள் இலையுதிர்த்துச் செக்கச்செவேலென்று பூத்திருக்க, அந்தி மங்கி முழுமதி ஆற்றின்மேல் எழ, நங்கூரமிட்ட மரக்கலங்களின் நிழலை அலைகள் உடைப்பதும் சேர்ப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தன. ஆற்றங்கரை மண்டபத்தில் துறைத்தலைவர் லியாங், சோழ தூதருக்கு விருந்து வைத்திருந்தார்.

தூதர் என்று அமர்ந்திருந்தவன் காரி.

நடந்தது இதுதான். கடற்கொள்ளையர் சிலர் புலிக்கொடி கட்டிக்கொண்டு சீனக் கப்பலொன்றைச் சூறையாடினார்கள். சோழ தூதர் நேரில் வந்து, அவர்கள் தம் ஆட்களல்ல என்று மன்னர் பெயரால் சத்தியம் செய்யும்வரை, பட்டினத்துத் தமிழ் வணிகர் முப்பத்தொரு பேரும் துறையைவிட்டு நகரக்கூடாதென்று கட்டளை பிறந்தது. புறப்பட்டு வந்த தூதர் மழவராயரோ, கரை தெரிவதற்கு மூன்று நாள் முன்னதாகக் காய்ச்சலில் கண்மூடினார். மூடுமுன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் காரியின் விரலில் மாட்டி, "நானாக நீ போ" என்றார். புயலின் நடுவே, வாய்க்கரிசி போடவும் வழியில்லாமல் அவரைக் கடலில் இறக்கினார்கள். கரைக்கு வந்ததும் கப்பலில் இருந்த அத்தனை பேரும், இறந்தது மீகாமன் காரி என்றே சொன்னார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சியது. மழவராயர் இளமையில் சீனத் தலைநகருக்கு வந்து, கோல் பிடித்து உண்பதில் பெயரெடுத்தவர். அந்தப் பெயர் லியாங்கின் காதுக்கும் எட்டியிருந்தது.

பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று காரி ஒரு சாக்குச் சொல்லி, மொழிபெயர்ப்பவளான ஐயாறியிடம் பத்து நாள் கற்றுக்கொண்டான். ஐயாறியின் தந்தை அந்த முப்பத்தொரு வணிகரில் ஒருவர். இருமி இருமி இளைத்துப்போயிருந்த அவருக்குக் கண்மூடுமுன் காவிரியில் ஒருமுறை முழுகவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையில்லை. மகளுக்குத் தம் ஊர்ப் பெயரையே வைத்திருந்தார். அவளைப் பெற்ற சீனத்தாய் இறந்து வெகுகாலமாயிற்று.

"ஏம்மா, கை என்ன பாவம் பண்ணுச்சு? இந்தக் குச்சி எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டான் காரி.

"இந்த ஊர்ல விறகுக்குப் பஞ்சம். அதனால கறிய அடுக்களையிலயே பொடிசா நறுக்கிடுவாங்க, சட்டுனு வெந்துடும். கத்திக்கு வேலை அங்கயே முடிஞ்சுது. சாப்பிடற எடத்துல கத்தியப் பாத்தா வெட்டும் ரத்தமும்தான் ஞாபகம் வரும்னு பெரியவங்க ஒதுக்கிட்டாங்க. எல்லாரும் ஒரே தட்டுல எடுக்கறோம். கோல வெச்சு யாரையும் வெட்ட முடியாதில்ல?"

"வெட்ட முடியாது, சரி. எடுக்கவும் முடியலையே."

அவள் சிரித்துவிட்டாள். இந்தச் சோறு ஒட்டும் சோறு, கோலோடு வரும், நம்மூர்ச் சோறுபோல உதிராது என்று சொல்லி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கோல்களில் பொருத்தினாள். உள்ளங்கை முழுவதும் சுக்கான் பிடித்துக் காய்த்த தழும்பு. அவள் விரல் அந்தத் தழும்பின்மேல் சற்றே நின்றது. தூதர் கையில் இருக்கும் தழும்பல்ல அது. மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே பாடத்துக்கு வந்தாள்.

விருந்தில் காரி தவறவில்லை. வழுக்கும் மீன்துண்டையும் நழுவவிடாமல் எடுத்தான். லியாங் மகிழ்ந்து, மீனின் கன்னச்சதையைத் தம் கோலாலேயே எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தார். பிறகு, சத்தியத்துக்கு முன் ஒரு கடமை உண்டு என்றார். தூதரைப் புயல் தாண்டிக் கொண்டுவந்த மீகாமன் தம் கடலில் அநாதையாய் இறந்திருக்கிறான், அவனைப் பசியோடு விடுவது தம் வீட்டுக்கு அழகல்ல என்று சொல்லிக் கைகாட்டினார்.

காரிக்கு எதிரே காலியாயிருந்த இருக்கையின் முன் ஒரு கிண்ணம் வந்தது. குவித்த சோறு. அதன் நடுவில் இரண்டு கோல்கள் நட்டுக்குத்தாக நின்றன.

"செத்தவங்களுக்கு மட்டுந்தான் இப்படி நட்டு வெப்பாங்க" என்று பக்கத்தில் அமர்ந்து உண்டுகொண்டிருந்த ஐயாறி தாழ்ந்த குரலில் சொன்னாள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வந்து சாப்பிடுவாங்களாம். நீங்க கூப்பிடணும்."

காரி தனக்கு வைத்த சோற்றைப் பார்த்தான். காரி என்று ஒரு பெயர் சொன்னால் போதும், விடியும்போது வணிகர்கள் வீடு நோக்கிப் புறப்படுவார்கள். ஆனால் கண்மூடிய நாள்முதல் மழவராயரை இறந்தவராக ஒருவரும் பெயர்சொல்லி அழைக்கவில்லை. அந்த வயோதிகருக்கு இதுவரை ஒரு பிடி அரிசியும் விழவில்லை. வந்திருக்கும் இந்த ஒரு பிடியையும் பொய்ப்பெயருக்குக் கொடுப்பதா?

"மழவராயரே, வாங்க. சாப்பிடுங்க" என்றான்.

அந்தப் பெயர் லியாங்குக்குத் தெரியும். ஐயாறியைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்தது அவரு, நான் மீகாமன். அப்படியே சொல்லு" என்றான் காரி.

"சொன்னா தலை போயிடும். நான் வேற ஏதாச்சும் சொல்லிடறேன். இவங்களுக்குத் தமிழ் தெரியாது."

"மாத்திச் சொன்னா சோறு அவருக்குப் போகாது. சொல்லு, ஐயாறி."

அதுவரை அவன் அவள் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. இருமும் தந்தை அவள் நினைவில் வராமலா இருந்திருப்பார்? ஆயினும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

காவலர்கள் வாளில் கைவைத்தார்கள். லியாங் கையுயர்த்தினார்.

"கடைசிக் கோல் கீழே வைக்கப்படும்வரை இவ்விடத்தில் வாளுக்கு வேலையில்லை."

விருந்தினர் ஒவ்வொருவராகக் கோல்களைக் கீழே வைத்தார்கள். ஐயாறி வைக்கவில்லை. அவள் கிண்ணத்தில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. ஒரு பருக்கையை எடுத்து மென்றாள். பிறகு இன்னொரு பருக்கை. சந்திரன் ஒரு பாய்மர உயரம் ஏறிவிட்டது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, கோல்கள் மட்டும் நடுங்கவில்லை.

"பெண்ணே, இந்தச் சோறு விடியும்வரை வருமோ?" என்றார் லியாங்.

"குறைந்தால் இன்னும் கொஞ்சம் இடச் சொல்லலாம், ஐயா."

அவர் காரியின் பக்கம் திரும்பினார்.

"தன் உயிருக்காகவும் இறந்தவன் சோற்றைப் பறிக்காதவன், தன் மன்னனுக்காகப் பொய்ச்சத்தியம் செய்யமாட்டான். சத்தியத்தை ஏற்கிறேன். ஆனால் தூதனல்லாதவன் சொல்லுக்குப் பிணை வேண்டும்."

காரி எழுந்து, மழவராயரின் கிண்ணத்துக்கு முன் நின்றான். அந்தக் கொள்ளை எங்கள் மன்னர் கொடியின்கீழ் நடந்ததல்ல, வேறொரு தூதர் வந்து இதையே சொல்லும்வரை இந்தத் துறையைவிட்டு ஓரடியும் எடுத்துவைக்கமாட்டேன், அவர் வேறு சொன்னால் என் தலை உங்களுடையது என்று ஆணையிட்டான். ஐயாறி அதையும் மொழிபெயர்த்தாள். அதன் பிறகுதான் கோல்களைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலை முப்பத்தொரு வணிகர்களும் கப்பலேறினார்கள். ஐயாறியின் தந்தையும் ஏறினார். ஐயாறி ஏறவில்லை.